அறுபத்தொரு விழுக்காடு

அஃப்னா தும்மினால் டன்லப் ஸ்திரீட்டில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு தும்மலோடு நிற்கிற மூக்கில்லை அது. ஆரம்பித்தால் ஏழெட்டு வரிசையாக வரும், அதற்குள் கண் சிவந்துவிடும், யாராவது தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். அங்கேதான் அவளுடைய அத்தா அப்துல் அஜீஸின் கடை. சாம்பிராணி, ஊதுவத்தி, அத்தர், சந்தனக்கட்டை என்று மூக்குக்கு வேலை வைக்கும் சாமான் எதுவானாலும் அங்கே கிடைக்கும். இந்துக்களும் வாங்குவார்கள், முஸ்லிம்களும் வாங்குவார்கள், எதற்கென்று தெரியாமல் சுற்றுப்பயணிகளும் வாங்குவார்கள். அப்படிப்பட்டவருக்குப் பிறந்த ஒரே பிள்ளைக்குப் புகை ஆகவில்லை.

"என் வியாபாரத்துக்கு எதிரி வெளிய இல்ல, என் வீட்டுலயே இருக்கு" என்று அத்தா வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சின்ன வயதில் அவளைக் கடைக்குள் உட்கார வைக்க முடியாது. வெளியே நடைபாதையில் ஒரு முக்காலி போட்டு உட்கார வைப்பார்கள். கடைக்குள் விழும் வெயிலில் தூசு மிதப்பதை அங்கிருந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பாள். அத்தனை தூசும் எங்கே போகிறது என்று ஒருநாள் கேட்டாள். "உன் மூக்குக்குள்ளதான் போகுது" என்றார் அத்தா. பதில் சரிதான், ஆனால் பிள்ளைக்குத் திருப்தியில்லை.

அவள் பெரிய கெட்டிக்காரி என்று யாரும் சொன்னதில்லை. கணக்கு சுமார், தமிழ் பரவாயில்லை, வகுப்பில் நடுவரிசை. ஒரே ஒரு குணம் உண்டு. ஒரு கேள்வியைப் பிடித்தால் விடமாட்டாள், கேட்கிறவர் அலுத்துப்போனாலும் அவள் அலுக்கமாட்டாள். உயர்நிலை மூன்றில் அறிவியல் ஆய்வுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோது, அவள் கையைத் தூக்கியதற்கு அதுதான் காரணம்.

ஜோடியாகச் சேர்ந்தவள் ரக்ஷனா. செம்பவாங்கிலிருந்து வருகிறவள், வகுப்பில் முதல் மூன்றில் ஒருத்தி. ஜெயிக்காத காரியத்தில் கையை வைக்கமாட்டாள், பேச்சும் கொஞ்சம் வெடுக்கென்றுதான் வரும். எதைச் செய்யலாம் என்று கேட்டதற்கு அஃப்னா, "தூசு" என்றாள். "தூசா? கேக்கவே டல்லா இருக்குடி" என்றாள் ரக்ஷனா. ஆனாலும் சேர்ந்துகொண்டாள்.

முதுகு தேய்த்துக் குளிக்கிற பீர்க்கங்காய் நாரை வைத்து ஒரு தூசு வடிகட்டி செய்வதுதான் திட்டம். நாரை வேக வைத்து, வெளுத்து, இறால் ஓட்டிலிருந்து எடுத்த ஒரு பசையை அதன்மேல் பூசி, சின்ன மின்விசிறிக்குப் பின்னால் பெட்டியில் பொருத்தினால், அறைக் காற்றிலுள்ள நுண்தூசியை அது பிடிக்க வேண்டும். இறால் ஓட்டுக்காக ரஷீதா மூன்று வாரம் தொடர்ந்து இறால் குழம்பு வைத்தார். ரஷீதாதான் அஃப்னாவின் அம்மா. நாலாவது முயற்சியில் நார் புது வேட்டிபோல வெள்ளையாக வந்தது. பள்ளி ஆய்வகத்தில் அதைத் தொடுவதற்கு முன் எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டார்கள்.

அடுத்து, அது வீடுகளில் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். சொந்த வீட்டில் சோதிக்கக்கூடாது என்று ஆசிரியை சொல்லிவிட்டார். ஆறு வீடு தேவைப்பட்டது. முதல் இரண்டு வாரம் தூசு அளக்கும் குட்டிக் கருவியை மட்டும் வீட்டில் வைக்க வேண்டும். பிறகு இரண்டு வாரம் அதன் பக்கத்திலேயே வடிகட்டியும் ஓட வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் எவ்வளவு தூசு குறைந்தது என்று தெரிந்துவிடும்.

"வீடுதானே வேணும்? அதை எங்கிட்ட விட்ரு லா" என்றார் ரஷீதா.

ரஷீதாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புக்கிட் பாஞ்சாங்கில் அவர் இருக்கும் அடுக்குமாடிப் புளோக்கில் மட்டுமல்ல, எதிர்ப் புளோக்கிலும் எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யார் பிள்ளை ராணுவத்துக்குப் போயிருக்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மின்தூக்கியில் நாலு மாடி ஏறுவதற்குள் ஒரு சிநேகிதம் பிடித்துவிடுவார். ஒரு வேலையை அவரிடம் சொன்னால் அது பாதியில் நிற்காது, சொன்னதற்கு மேலேயும் போகும். ஒரே நாளில் ஆறு வீடு கிடைத்தது. ஐந்து தமிழர் வீடு, இரண்டில் முஸ்லிம்கள், மூன்றில் இந்துக்கள். ஆறாவது அதே மாடியில் இருக்கும் மேடம் லிம்மின் வீடு. எப்போதும்போல நடந்துகொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளை ஆறு வீட்டிலும் அஃப்னா கொடுத்தாள். ஆறு வீட்டிலும் அது குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டு, அங்கேயே நிம்மதியாக இருந்தது.

முடிவைப் பார்த்தபோது ரக்ஷனா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். ஐந்து வீட்டில் தூசு சராசரியாக அறுபத்தொரு விழுக்காடு குறைந்திருந்தது. பீர்க்கங்காய் நாருக்கு அறுபத்தொன்று! மேடம் லிம் வீட்டில் மட்டும் பதினெட்டுதான். அங்கே ஒருநாள் விசிறியின் பிளக் கழன்று கிடந்ததை அஃப்னா பார்த்திருக்கிறாள். கருவிக் கோளாறு என்று அந்த வீட்டைக் கணக்கிலிருந்து நீக்கியது அவள்தான். ரக்ஷனா மறுபேச்சுப் பேசவில்லை.

தீவு முழுவதுமிருந்தும் வந்த ஆய்வுகளில் அது இறுதிச்சுற்றுக்குத் தேர்வானது. தங்கம் வாங்கும் அணிகளில் ஒன்று வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும். ரக்ஷனாவுக்குத் தலைகால் புரியவில்லை. குளிருக்கு என்ன உடுப்பு வாங்குவது என்று அவள் அம்மாவிடம் பேசத் தொடங்கியிருந்தாள். அத்தா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "என் மக என் பொழப்புல மண்ணைப் போட மிஷின் கண்டுபுடிச்சிருக்கா" என்று பெருமையாகச் சொன்னார். அஃப்னாவும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். நடுவரிசையில் உட்கார்ந்த பிள்ளைக்கு அது புது சந்தோஷம்.

இறுதிச்சுற்றுக்கு முந்திய வெள்ளிக்கிழமை சாயங்காலம், உதவிய வீடுகளுக்கு நன்றி சொல்லி வரும்படி ரஷீதா சமோசா கட்டிக் கொடுத்தார். எதிர்ப் புளோக்கில் கண்மணி வீட்டுக் கதவு திறந்ததும் அஃப்னாவுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. கூடம் முழுவதும் சாம்பிராணிப் புகை.

"ஐயோ, வாம்மா, இரு இரு, ஜன்னலைத் தொறக்கறேன். இப்பத்தான் போட்டேன்" என்றார் கண்மணி. "உன் பெட்டி போனதுக்கப்புறம்தான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மாதிரி இருக்கு."

அஃப்னா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பெட்டி இருந்தப்ப போடலையா ஆன்ட்டி?"

"எங்க போட்டேன்? உங்கம்மாதான் வேணாம்னுட்டாங்களே. பிள்ளை கஷ்டப்பட்டு செஞ்சது, வெள்ளை வெளேர்னு இருக்கு, புகை பட்டா கறுத்துரும்னு. ரெண்டு வாரமும் சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வெறும் விளக்கு மட்டும்தான் ஏத்தினேன்."

"அதுக்கு முன்னாடி? குட்டிக் கருவி மட்டும் இருந்தப்போ?"

"அது என்ன, தீப்பெட்டி மாதிரி ஒரு மூலையில கெடந்துச்சு. அப்ப எப்பவும்போல போட்டேன். செவ்வாய், வெள்ளி, அமாவாசைக்கு ஒருவாட்டி. ஏம்மா, சமோசாவை நீட்டிக்கிட்டே நிக்கிற?"

அஃப்னா சமோசாவைக் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கும்போதே கணக்கு புரிந்துவிட்டது. முதல் இரண்டு வாரம் வீட்டில் சாம்பிராணி இருந்தது, நார் இல்லை. அடுத்த இரண்டு வாரம் நார் இருந்தது, சாம்பிராணி இல்லை. தூசு குறையாமல் என்ன செய்யும்? பெட்டிக்குள் நாருக்குப் பதிலாக ஒரு செங்கல்லை வைத்திருந்தாலும் குறைந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து, சும்மா கேட்பதுபோல அம்மாவிடம் கேட்டாள். ரஷீதா மறைக்கவில்லை, மறைக்க என்ன இருக்கிறது என்று அவர் நினைத்தார்.

"ஆமா, எல்லார்கிட்டயும் சொன்னேன். உம்மு ஹபீபா வீட்டுல வியாழக்கிழமை மஃரிப் தொழுகைக்கப்புறம் அப்படிப் போடுவாங்க, ஆளே தெரியாது. அந்த நாரை எத்தனை நாள் நீ வேக வெச்ச! கறுத்துப்போனா ஜட்ஜுங்க என்ன நினைப்பாங்க?"

"மேடம் லிம்கிட்டயும் சொன்னீங்களா?"

"அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? அவங்க ஊதுவத்தி ஏத்துறது வீட்டுக்காரர் படத்துக்கு லா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அதைப் போய் நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரல." ரஷீதா மகளின் முகத்தைப் பார்த்தார். "நல்லவேளை, மத்தவங்ககிட்ட சொன்னேன். இல்ல?"

"ம்" என்றாள் அஃப்னா. அந்த ஒரு எழுத்தைச் சொன்னதும் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

மறுநாள் காலை ரக்ஷனாவை புக்கிட் பாஞ்சாங் நூலகத்துக்கு வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னாள். ரக்ஷனா முழுவதையும் கேட்டாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இது யாருக்குத் தெரியும்?"

"நம்ம ரெண்டு பேருக்கும்."

"அப்ப விட்ரு. நாம பொய் சொல்லலையே. சென்சர் காமிச்சதைத்தான் எழுதியிருக்கோம். யாரையும் ஏமாத்தணும்னு செய்யல."

"நேத்துவரைக்கும் தெரியாது, சரி. புதன்கிழமை ஜட்ஜ் முன்னாடி நின்னு அறுபத்தொண்ணுன்னு சொன்னா?"

"தங்கம்டி! நான் எங்க பெரியப்பா வரைக்கும் சொல்லிட்டேன்." ரக்ஷனாவின் கண் நிறைந்துவிட்டது, அதைக் கோபம்போலக் காட்டிக்கொண்டாள். "உங்கம்மாவை யாரு வாயைத் தொறக்கச் சொன்னது?"

அஃப்னாவுக்குச் சுருக்கென்றது. அதையேதான் இரவு முழுவதும் அவளும் நினைத்திருந்தாள், ஆனால் இன்னொருத்தி வாயிலிருந்து அது வந்தபோது பொறுக்கவில்லை. பிறகு அஃப்னா தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

"என்னை மாதிரி ஒரு பிள்ளை இருக்கிற வீட்டுல இதை வாங்கி மாட்டுவாங்க. அறுபத்தொண்ணுன்னு நாம சொன்னதை நம்பி, அதுக்குப் பக்கத்துலயே தைரியமா சாம்பிராணியும் போடுவாங்க. அந்தப் பிள்ளை என்ன பண்ணும்?"

ரக்ஷனா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, தூக்கிப்போட்ட மேடம் லிம் வீட்டுக் கணக்கைத் திறந்தாள். பிளக் கழன்று கிடந்த அந்த ஒரு நாளை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் கணக்குப் போட்டாள். அப்போதும் பதினெட்டுதான் வந்தது. தினமும் இரண்டு வேளை ஊதுவத்தி எரிந்த வீடு, நான்கு வாரமும் எதுவும் மாறாத ஒரே வீடு. ஆறு வீட்டில் சரியாக நடந்த ஒன்றைத் தேடிப் பிடித்துக் குப்பையில் போட்டிருந்தார்கள்.

"ச்சே" என்றாள் ரக்ஷனா. கொஞ்சம் கழித்து, "தாள், பசை எல்லாம் யார் வாங்குறது?" என்று கேட்டாள்.

புதன்கிழமை அவர்களுடைய சுவரொட்டியில், பெரிய எழுத்தில் அச்சான அறுபத்தொன்றுக்குக் கீழே ஒரு வெள்ளைத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. இந்த எண் ஏன் தவறு என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்த மண்டபத்தில் நிறையப் பெண் பிள்ளைகள். ஒருத்தி காளானில் பொட்டலம் செய்திருந்தாள், இன்னொருத்தி கடல்பாசியில் என்னவோ கண்டுபிடித்திருந்தாள். யாருடைய சுவரொட்டியிலும் ஒட்டு கிடையாது. நடுவர்கள் தாளைப் படித்தார்கள், ஒருவர் இரண்டாவது தடவையும் படித்தார். போட்டியிலிருந்து ஏன் விலகவில்லை என்று கேட்டார். "வடிகட்டி பதினெட்டுதான் குறைத்தது. மற்றதைக் குறைத்தது அதன் வெள்ளை நிறம். அதையும் யாராவது தெரிந்துகொள்ள வேண்டுமே" என்று அஃப்னா ஆங்கிலத்தில் சொன்னாள். நடுவில் ஒரு தும்மலும் வந்தது. அவர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.

மதியம் பெற்றோர்களை உள்ளே விட்டார்கள். ரஷீதா பெருநாளுக்குக் கட்டும் சேலையில் வந்திருந்தார். அத்தா கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். சாதாரண நாளில் அவர் கடையைச் சாத்துகிற ஆளில்லை.

"இதென்ன ஒட்டு? தப்பா அடிச்சிட்டாங்களா?" என்று ரஷீதா கேட்டார்.

அத்தா அதற்குள் படித்துவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த சுவரொட்டியைப் பார்க்கப் போய்விட்டார். அஃப்னாதான் சொல்ல வேண்டியிருந்தது. சுற்றி வளைக்காமல் தமிழில் சொன்னாள், முதல் இரண்டு வாரம் இப்படி, அடுத்த இரண்டு வாரம் இப்படி என்று. கேட்கக் கேட்க ரஷீதாவின் முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

"அப்ப நான்தான் கெடுத்தேன்."

"நீங்க நல்லதுக்குத்தாம்மா சொன்னீங்க."

"நல்லதுக்குத்தான் கெடுத்தேன்." சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "அதுகூடப் போகட்டும். வெள்ளிக்கிழமை உங்கிட்ட கேட்டேனே, நல்லவேளை சொன்னேன் இல்லன்னு. 'ம்'னியே?"

"உங்க மனசு கஷ்டப்படும்னுதான்."

"நான் உன் நாரைக் காப்பாத்தப் பாத்தேன். நீ என்னைக் காப்பாத்தப் பாத்தியாக்கும்."

அஃப்னாவுக்கு அழுகை வந்துவிட்டது. ரஷீதா அழவில்லை, மகளின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ரக்ஷனாவிடம் போய், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அன்று முழுவதும் அவர் வேறெதுவும் பேசவில்லை. ரஷீதா பேசாமல் இருப்பதை அத்தா அப்போதுதான் முதல்தடவை பார்த்தாராம், பயந்துபோனதாகப் பிறகு சொன்னார்.

வெண்கலம் கிடைத்தது. தங்கம் கடல்பாசிக்கும் இன்னும் சிலருக்கும் போனது. ரக்ஷனா கழிப்பறைக்குப் போய் அழுது, முகம் கழுவிக்கொண்டு வந்து எல்லாருக்கும் நன்றாகக் கைதட்டினாள். வீட்டுக்குப் போகும் வழியில் டோபி காட் நிலையத்தில் ரயில் மாற நின்றபோது, "ஜூன் லீவுல திரும்பச் செய்வோம்" என்றாள். அஃப்னா தலையாட்டினாள்.

ஜூனில் அதே ஆறு வீட்டுக்கும் அஃப்னாவே போனாள். வழக்கம்போலப் புகை போடுங்கள், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்று தன் வாயாலேயே சொன்னாள். வெள்ளை நார் யார் கண்ணிலும் படாமல் பெட்டியின் முகப்பைக் கறுப்பு வலைத்துணியால் மூடினார்கள். பிறகு அம்மாவிடம் வந்து நின்றாள்.

"நான் என்ன செய்யணும்?" என்றார் ரஷீதா.

"ஒண்ணும் செய்யக்கூடாதும்மா. இதைப் பத்தி யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது."

இறால் குழம்பை இன்னும் மூன்று வாரம் வைக்கச் சொல்லியிருந்தால் ரஷீதாவுக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். ஆனாலும் சரி என்றார். சொன்னபடியே இருந்தார். ஒருநாள் சாயங்காலம் அம்மாவும் மகளும் சந்தையிலிருந்து வரும்போது, புளோக்கின் கீழ்த்தளத்தில் கண்மணி வந்து பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நாளைக்கு எங்க வீட்டுல திதி. கொஞ்சம் கூடுதலாப் போடலாமா, பிள்ளை ஏதும் சொல்லுமா?"

ரஷீதாவின் உதடு பிரிந்தது. "இன்னிக்கு டெங்கிரி மீன் நல்லா இருந்துச்சு" என்றார் ரஷீதா. கண்மணி ஒன்றும் புரியாமல் பார்த்தார். "உங்க வீட்டுல எப்பவும் திதிக்கு எவ்வளவு போடுவீங்களோ அவ்வளவே போடுங்க ஆன்ட்டி" என்று அஃப்னாதான் சொன்னாள். ரஷீதா அக்காவுக்குத் தன்மேல் ஏதோ கோபம் என்று கண்மணி நாலு பேரிடம் சொன்னது பிறகு காதுக்கு வந்தது. அதற்கும் ரஷீதா பதில் சொல்லவில்லை. கீழே கூட்டமாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தால் சுற்றுவழியாக வீட்டுக்கு வந்தார். மின்தூக்கியில் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு யாரோடும் பேசாமலே பேசுவதுபோல நின்றார். அஃப்னா இதையெல்லாம் பார்த்தாள். தனக்காக ஒருவர் இவ்வளவு பாடுபட்டு அவள் பார்த்ததில்லை.

கடைசி வீட்டிலிருந்து கருவியைக் கழற்றி வந்த அன்று இரண்டு பெண்களும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ரஷீதா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றார். ரக்ஷனா திரையைத் திருப்பிக் காட்டினாள். இந்தத் தடவை எந்த வீட்டையும் நீக்கவில்லை. ஆறு வீட்டுக்கும் சேர்த்துப் பத்தொன்பது விழுக்காடு.

"பத்தொம்பதா?" என்றார் ரஷீதா. "குறைச்சலா இருக்கே."

"குறைச்சல்தான், ஆனா நெசம்" என்றாள் ரக்ஷனா. அவள் அப்படி அமைதியான குரலில் பேசி அஃப்னா கேட்டதில்லை.

ரஷீதா கொஞ்சம் தயங்கினார். "அதுல என் பங்கு எவ்வளவு?"

அஃப்னா எழுந்து போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "ஒண்ணுமே இல்லம்மா. சைபர்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ரஷீதா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரண்டியை மகள் கையில் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்ப் புளோக்குக்குக் கிளம்பினார். கண்மணியிடம் ஒரு மாதப் பேச்சு பாக்கி இருந்தது.